ராஜா இல்லாத கோட்டையில் சதுரங்கம்: கதை எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் கோட்டைப் பூங்காவில், அகழியை ஒட்டிய புல்தரையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பாதிப் பேர் கதை எழுதுகிறவர்கள். மீதிப் பேர் எழுதப்போவதாகப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். நடுவில் ஒரு செஸ் பலகை விரித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கற்ற செஸ்ஸை அதில் ஆட மாட்டோம். விதி மாறிய சதுரங்கங்களை ஆடுவோம், அப்புறம் அந்த விதியை வைத்துக் கதை பேசுவோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாராவாரம் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கேள்வி: கதை எழுத விசித்திரமான சதுரங்கம் எதற்கு? சாதாரண செஸ் போதாதா?

கதைகளில் வந்து வந்து அது தேய்ந்துவிட்டது. பலகை வந்தாலே வில்லன் ராணியை நகர்த்திவிட்டு மெல்லச் சிரிப்பான் என்று வாசகருக்குத் தெரியும். ஏழைக் கதாநாயகன்தான் சிப்பாய், கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் பெரிய ஆளாகிவிடுவான் என்பதும் தெரியும். இப்படிக் காய்க்கு ஓர் ஆளை ஒட்டிவைத்து எழுதுவதை எங்கள் கூட்டத்தில் 'லேபிள் ஒட்டுவது' என்போம். லேபிள் ஒட்டிய கதையைப் படித்தால் டீ வாங்கித்தர வேண்டும், அபராதம்.

நாங்கள் பார்ப்பது இதைத்தான்: ஒரு விதியை மாற்றினால் யாருடைய பயம் மாறுகிறது? அதைப் பிடித்துக்கொண்டு, பலகையையும் காய்களையும் ஓரமாக வைத்துவிட வேண்டும். கையில் மிஞ்சுகிற பயத்தை வைத்துக் கதையைத் தொடங்கலாம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் லிங்கம் திரும்ப வந்துவிட்டது. ஆகவே முதலாவது காலாவதி.) முக்கியமான காயைத் தூக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் தொடரச் சொன்னால் எப்படி இருக்கும் என்பது வேலூர்க்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன சங்கதி.

கேள்வி: செஸ் சுமாராகத்தான் தெரியும். வரலாமா?

தாராளமாக. காய் எப்படிப் போகும் என்று தெரிந்தால் போதும். நன்றாக ஆடுகிறவர்கள்தான் இங்கே திணறுவார்கள், மனப்பாடம் செய்த தொடக்கங்கள் எதுவும் செல்லாது. முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996இல் தன் ஃபிஷர் ரேண்டம் ஆட்டத்தை அறிவித்ததும் இதற்காகத்தான். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி 960 விதமாகத் தொடங்கலாம். ஆனால் கதைக்கு அது பெரிதாக உதவியதில்லை. குலுக்கிய பதினைந்து நிமிஷத்தில் பழைய செஸ்ஸாகிவிடுகிறது.

கேள்வி: எந்த ஆட்டத்தில் தொடங்குவீர்கள்?

'மகாராஜாவும் சிப்பாய்களும்'. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆடப்பட்ட ஆட்டம். ஒரு பக்கம் வழக்கமான பதினாறு காய்கள். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு காய், மகாராஜா. அது ராணி மாதிரியும் போகும், குதிரை மாதிரியும் தாவும். புதியவர்களைப் பதினாறு காய்ப் பக்கம் உட்கார வைப்போம். "இவ்வளவு பேர் இருக்கிறோமே!" என்ற தெம்பில் வேகமாக முன்னேறுவார்கள், ஒவ்வொரு காயாக வெட்டுப்படும். உண்மையில் பதறாமல் ஆடினால் பதினாறு காய்ப் பக்கம் கட்டாயம் ஜெயிக்கலாம். காவல் இல்லாமல் ஒரு காயைக்கூட விடக்கூடாது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' யாராலும் முடிவதில்லை.

இதை ஆடி முடித்ததும் எங்கள் ஊர் ஆட்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கோட்டையைத் திரும்பிப் பார்ப்பார்கள். 1806 ஜூலை 10 விடியும் முன்பே இதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, தாடியை மழிக்கும் உத்தரவு, நெற்றிக் குறிகளுக்குத் தடை என்று மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது அன்று வெடித்தது. உள்ளே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளை முன்னிறுத்தி மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர, அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. கும்பலாகச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

இதைப் பின்னணியாக வைத்துப் பலபேர் எழுதிப் பார்த்தார்கள், எல்லாம் கொடியும் முழக்கமுமாகவே வந்தது. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் மட்டும் ஆட்டத்தின் விதியை விடாமல் பிடித்தான். அவன் கதையில் ஒரே ஒரு சிப்பாய். கொடி ஏறிய பிறகு எல்லாரும் உள்ளே ஓடுகிறார்கள். இவன் மட்டும், யாரும் சொல்லாமலே, வாசலில் நிற்கிறான். உள்ளே போனவர்கள் திரும்பி வருவார்களா, தான் நிற்பது காவலா முட்டாள்தனமா என்று தெரியாமல் நிற்கிறான். தூரத்தில் புழுதி தெரிகிறது. முழுக்கதையில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

கேள்வி: ஷோகி, ஷோகி என்கிறீர்களே, அதில் என்ன விசேஷம்?

ஜப்பானியச் சதுரங்கம். வெட்டிய காய் உங்கள் கைக்கு வந்துவிடும். பிறகு உங்கள் முறை வரும்போது, நகர்வதற்குப் பதிலாக அதைக் காலிக் கட்டத்தில் உங்கள் ஆளாக இறக்கலாம். இரண்டு பக்கக் காய்களும் ஒரே நிறம். கூரான முனை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு எதிர்க் கட்சி. ஆளை அரைவட்டம் திருப்பி வைத்தால் போதும்.

துரோகக் கதைக்குத் தோதான ஆட்டம் என்று தோன்றும். எனக்கு அதில் ருசியாகப் படுவது சின்ன விதிகள். பதவி உயர்வு பெற்ற காய் வெட்டுப்பட்டால், புதுக் கட்சியில் பழைய பதவியோடு சேர முடியாது, அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னொன்று: அப்போதுதான் இறக்கிய சிப்பாயை வைத்து ராஜாவுக்கு செக்மேட் கொடுக்கக்கூடாது. ஏற்கெனவே பலகையில் நிற்கிற சிப்பாய் நகர்ந்து கொடுக்கலாம். புதிதாகக் கட்சி மாறி வந்தவன் வந்த கையோடு பழைய முதலாளியைச் சாய்க்கக்கூடாது என்று எழுதாத நாகரிகம் ஒன்று உண்டல்லவா, அதைச் சட்டமாகவே எழுதிவைத்த மாதிரி இருக்கிறது.

இதை ஆம்பூருக்குக் கொண்டுபோனோம். ஒரு பிரியாணி மாஸ்டர் எதிர்க் கடைக்குப் போகிறார். இருபது வருஷம் தேக்சா முன்னால் நின்ற கை. புதுக் கடையில் முதல் மாதம் வெங்காயம் உரிக்கச் சொல்கிறார்கள். பழைய முதலாளி தினமும் அந்த வழியாகப் போகிறார், இருவருக்கும் கண் பார்த்தாக வேண்டும். தம் போடும் ரகசியம் அவர் வாயிலிருந்து எப்போது வரும் என்று புது முதலாளி காத்திருக்கிறார். இதில் செஸ் என்ற வார்த்தையே வரவில்லை, கவனித்தீர்களா?

கேள்வி: சீனச் சதுரங்கத்தில் ஆறு ஓடுமாமே?

ஓடும். ஷியாங்சி பலகையின் நடுவே ஆறு உண்டு. யானை அதைத் தாண்டக்கூடாது, தற்காப்புக்கு மட்டும்தான். சிப்பாய் தாண்டிவிட்டால் பக்கவாட்டிலும் நகரும் உரிமை கிடைக்கும். பாலாறு மாதிரி ஆறாக இருந்தால் யானை தாராளமாகக் காட்பாடிக்கே நடந்து போய்விடும் என்று ஒருவர் சொன்னார். அந்த நகைச்சுவையோடு ஆற்றை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆட்டத்தின் புதையல் வேறு இடத்தில் இருக்கிறது.

இரண்டு தளபதிகளும் ஒன்பது புள்ளி கொண்ட அரண்மனைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில், நடுவில் யாரும் இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது. நடுவில் ஒரே ஒரு காய் நின்றால், அந்தக் காய் அந்த நேர்கோட்டிலிருந்து விலக முடியாது. எதிரே வெட்டுவதற்கு நல்ல இரை இருந்தாலும் முடியாது. அது எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

நம் குடும்பங்களில் இந்தக் காயை எல்லாருக்கும் தெரியும். லாங் பஜாரில் எதிரெதிரே கடை போட்ட அண்ணன் தம்பி, பாகப் பிரிவினைக்கு அப்புறம் பேச்சு இல்லை. அம்மா ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. காசிக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் விலகினால் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். வழக்கமாக இந்தக் கதை அண்ணன் தம்பி சண்டையாகத்தான் எழுதப்படும். இந்த விதியை ஆடிப் பார்த்தவர் கையில் அது நகர முடியாதவளின் கதையாக மாறும். எங்கள் கூட்டத்தில் தையல் கடை நடத்தும் அக்கா இதை எழுதினார். டிக்கெட்டை ரத்து செய்ய அந்த அம்மா காட்பாடி ஸ்டேஷன் வரிசையில் நிற்பதோடு முடித்திருந்தார். இதுவரை கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு ஆடும் ஆட்டம் ஒன்று உண்டாமே?

கண் திறந்தே இருக்கும், ஆனால் எதிராளியின் காய் தெரியாது. பெயர் கிரீக்ஸ்பீல். ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்ற ஆங்கிலேயர் 1899இல் உருவாக்கியது. மூன்று பலகைகள் வேண்டும். ஆளுக்கு ஒன்று, அதில் அவரவர் காய்கள் மட்டும். மூன்றாவது பலகை நடுவரிடம். எல்லாம் அறிந்தவர் அவர் ஒருவரே. நீங்கள் ஒரு நகர்வைச் சொல்வீர்கள், முடியாது என்றால் அவர் "இல்லை" என்பார். அந்த "இல்லை" எதிராளி காதிலும் விழும், ஆகவே உங்கள் தோல்வியே அவருக்குத் துப்பு. சிப்பாயால் எதையாவது வெட்ட முடியுமா என்று அறிய "உண்டா?" என்று கேட்கலாம். உண்டு என்று பதில் வந்துவிட்டால், முயன்று பார்க்காமல் தப்பிக்க முடியாது. தெரிந்துகொண்டதற்கு விலை!

எங்கள் நடுவர், பேரணாம்பட்டில் டேனரிக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒரு பாய். நடுவராக இருப்பதுதான் மிகக் கஷ்டம் என்பார் அவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "கதை சொல்றவனுக்கும் இதே வேலைதானே தம்பி" என்று ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாரையும் முதலில் நடுவராக உட்கார வைக்கிறோம். எதை எப்போது சொல்லாமல் இருப்பது என்பதை இதைவிடச் சீக்கிரம் கற்பிக்கும் பயிற்சி எனக்குத் தெரியாது.

வேலூரில் இந்த ஆட்டத்துக்கான இடம் லாட்ஜ். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நோயாளியிடம் சொல்லாததை மகன் லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லிவைத்திருப்பான். மகனிடம் சொல்லாததை நோயாளி அதே மேனேஜரிடம் சொல்லியிருப்பார். சாவி கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவரிடம்தான் மூன்றாவது பலகை. யாராவது ஒருவர் வந்து "உண்டா?" என்று கேட்கிற நாளில் என்ன செய்வார்?

கேள்வி: நம் ஊர்ப் பழைய விதிகளில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஜப்பானுக்கு ஓடுகிறோம் என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். நியாயம்தான். குடியாத்தத்தில் என் தாத்தா ஆடிய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் 'கோட்டை கட்டுவது' கிடையாது. அதற்குப் பதில் ராஜா, செக் வாங்காதவரை, ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் விருப்பப்பட்டதெல்லாம் ஆக முடியாது. யானை நின்ற வரிசையில் போனால் யானை, குதிரை வரிசையில் போனால் குதிரை.

இதே மாதிரி இந்திய விதிகளில் வளர்ந்தவர்தான் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். 1929இல் இங்கிலாந்து போய், அங்கத்திய விதிகளுக்குப் பழகி, அதே ஆண்டிலும் பிறகு 1932, 1933இலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

கடைசி விதியை இன்னொரு தடவை படியுங்கள். எந்தத் தெருவில் நடந்து வந்தாயோ அந்தப் பதவிதான் கிடைக்கும். தாத்தா இதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வேறு வரிசைக்கு மாற ஒரே வழி, போகிற வழியில் யாரையாவது குறுக்காக வெட்டுவது. நம் சமூகத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விதியை யாராவது உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். நான் இதை வைத்து மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் பிரசங்கமாகிவிட்டது. உங்களுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலூர்க் கோட்டைக்கு நேராகப் பொருந்தும் ஆட்டம் ஏதாவது?

தைமூர் பெயரில் வழங்கும் பெரிய சதுரங்கம். 110 கட்டங்கள், கூடவே பலகைக்கு வெளியே துருத்திக்கொண்டு இரண்டு தனிக் கட்டங்கள். அவை கோட்டைகள். தோற்கப் போகிற ராஜா எதிரியின் கோட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் டிரா.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1815இல் பிடித்தார்கள். மறு ஆண்டு குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் இறக்கும்வரை பதினாறு வருஷம் இருந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆக, ராஜா இல்லாத கோட்டை என்ற கேலியும் முழுசாகச் சரியில்லை. ராஜா இருந்தார், வேறு ஊர் ராஜா, கைதியாக. நாடு கைவிட்டுப் போய்விட்டது, உயிர் போகவில்லை, எதிரியின் கட்டத்தில் நாள்கள் ஓடுகின்றன. வென்றவருக்கும் அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை மட்டும் எழுதுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டாபிஷேகமும் போரும் வேண்டாம்.

கேள்வி: ஆடு புலி ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்வீர்களா?

சதுரங்க வம்சம் கிடையாது, ஆனாலும் சேர்ப்போம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்கு வெட்டும் சக்தி, ஆட்டுக்கு எண்ணிக்கையும் பொறுமையும். டன்சனி பிரபு என்ற அயர்லாந்து எழுத்தாளர் 1942இல் உருவாக்கிய சதுரங்கத்திலும் ஒரு பக்கம் முழுப் படை, எதிர்ப்பக்கம் 32 சிப்பாய்கள் மட்டும். புனைகதை எழுதுகிறவருக்குச் சமமில்லாத சண்டைமேல்தான் கை போகும் போலிருக்கிறது. நம் பாட்டிகள் கோயில் தரையில் கோடு கிழித்து அதை ஏற்கெனவே ஆடிவிட்டார்கள்.

கேள்வி: வேறு என்னென்ன உண்டு?

ஏராளம். சிலதை மட்டும் சொல்கிறேன். 1953இல் பார்ட்டன் என்பவர் உருவாக்கிய ஆலிஸ் சதுரங்கத்தில் இரண்டு பலகைகள். நகர்ந்த காய் உடனே மறு பலகைக்குப் போய்விடும். துபாய்க்குப் போய் வருகிறவர்களின் கதைக்கு நல்லது. தோற்றால் ஜெயிக்கும் ஆட்டத்தில் வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும், ராஜாவும் வெறும் காய்தான். சிரிப்புக் கதைக்குத்தான் சரிப்படும். வாத்துச் சதுரங்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வாத்து வழியை மறித்து நிற்கும். ஒவ்வொருவரும் தன் முறையில் அதைத் தூக்கி வேறு கட்டத்தில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் ஆபீசர்ஸ் லைன் தெருவில் மாடு படுத்திருக்கிற மாதிரி.

36க்கு 36 கட்டம், பக்கத்துக்கு 402 காய் கொண்ட ஜப்பானிய ராட்சதப் பலகையும் உண்டு, டைக்யோகு ஷோகி. பெரிய நாவல் எழுத உதவுமா என்று கேட்பார்கள். உதவாது. காய் பெயர்களை மனப்பாடம் செய்வதற்குள் வயதாகிவிடும்.

கேள்வி: சொந்தமாக விதி கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடியுங்கள், ஆனால் ஆடிப் பார்க்காமல் கதையில் வைக்காதீர்கள். நான் 'கடன் சதுரங்கம்' என்று ஒன்று செய்தேன். எதிராளியின் காயை ஐந்து நகர்வுக்குக் கடன் வாங்கலாம், வட்டியாக ஒரு சிப்பாய் கொடுக்க வேண்டும். பிரமாதம் என்று நினைத்து அதை வைத்து முப்பது பக்கம் எழுதினேன். கூட்டத்தில் ஆடியபோது முதலில் ராணியைக் கடன் வாங்கியவர் ஐந்தாவது நகர்வுக்குள் ஆட்டத்தை முடித்துவிட்டார். முப்பது பக்கமும் போச்சு. சிப்பாயை முன்கூட்டியே அடகு வைக்க வேண்டும் என்று மாற்றிய பிறகுதான் ஆட்டம் நின்றது. அடகுச் சிப்பாய் பலகைக்கு வெளியே, எதிராளியின் முழங்கால் பக்கத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கதை அங்கேதான் இருந்தது.

கேள்வி: கதைக்குள் செஸ் காட்சியே வைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

வலது கை ஓரக் கட்டம் வெள்ளையாக இருக்கட்டும். ஒருவருடைய இரண்டு மந்திரிகளும் தொடக்கத்தில் ஒரே நிறத்தில் நிற்காது. பெரிய ஆட்டக்காரர்கள் எதிர்பாராத செக்மேட்டில் அலறுவது அபூர்வம், நாலு நகர்வு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிடுவார்கள். விதியைப் பாத்திரங்கள் வகுப்பெடுத்து விளக்க வேண்டாம். யாராவது ஒருவர் அதை மீறட்டும், மற்றவர் முகம் மாறட்டும், வாசகருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: கதையிலிருந்து ஆட்டம் பிறந்ததுண்டா?

உண்டு. சதுரங்கமும் குத்துச்சண்டையும் சேர்ந்த போட்டி ஒன்று 1992இல் எங்கி பிலால் வரைந்த பிரெஞ்சு சித்திரக் கதையில் வந்தது. 2003இல் ஈப்பே ரூபிங் என்ற டச்சுக் கலைஞர் அதை மாறி மாறி வரும் சுற்றுகளாக்கி நிஜ மேடையில் நடத்திக் காட்டினார். எங்கள் கூட்டத்தில் இதை முயல வேண்டாம். புல்தரைக்கு வெளியே அகழி இருக்கிறது.

கேள்வி: வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நோட்டு. முடிந்தால் வீட்டில் கிடக்கிற பழைய செஸ் செட், காய் குறைந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் செட்டில் ஒரு கறுப்புக் குதிரை தொலைந்து இரண்டு வருஷமாகிறது. இருமல் மருந்து மூடி ஒன்றுதான் அந்த இடத்தில் நிற்கிறது. போன வாரம் வந்த ஒரு சின்னப் பையன் அதைக் கையில் எடுத்து, இது எப்படிப் போகும் என்று கேட்டான். ஆளுக்கு ஒரு பதில் சொன்னோம்.